அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், எஸ்கலான்டேயில் இருக்கிறோம். கேம்பர் வேனின் வீட்டு பேட்டரி (ஃப்ரிட்ஜ், ஹீட்டர், விளக்குகளுக்கானது, இன்ஜின் பேட்டரி வேறு) இரவில் படுத்துவிடுகிறது, ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது. உதவுங்கள்

மணல்வழி (வியாழன் காலை)

வணக்கம். நான், கணவர், மாமியார் மூவரும் சனிக்கிழமை லாஸ் வேகாஸில் இருந்து கிளம்பினோம். சயான், பிரைஸ், எஸ்கலான்டே, கேப்பிடல் ரீஃப், மோவாப் என்பது திட்டம். வேன் சொந்த வண்டி, போன வருடம் பழையதாக வாங்கியது. 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரி இரண்டு, கூரையில் 160 வாட் சோலார், ஓடும்போது இன்ஜினில் இருந்து சார்ஜ் ஏற்ற ஒரு டிசி சார்ஜர்.

சயானில் இரண்டு இரவும் முகாமில் கரண்ட் இணைப்பு இருந்தது. பிரைஸில் இணைப்பு இல்லை, 8000 அடி உயரம், தண்ணீர்க் குடம் உறையும் குளிர். ஆனாலும் ஃப்ரிட்ஜ், கேஸ் ஹீட்டர் எல்லாம் ஓடின. செவ்வாய்க்கிழமை எஸ்கலான்டே வந்து, ஹோல் இன் த ராக் சாலையில் 12 மைல் உள்ளே போய் டெவில்ஸ் கார்டன் பார்த்தோம். அன்று இரவும் பிரச்சினை இல்லை. நேற்று முழுக்க காஃப் க்ரீக் அருவிக்கு நடந்தோம். ராத்திரி மூன்று மணிக்கு ஃப்ரிட்ஜ் கீச்கீச் என்று கத்தி நின்றுவிட்டது. ஹீட்டர் விசிறி ஒரு தடவை சுற்றிவிட்டு அடங்கிவிட்டது. மீட்டரில் 11.4 வோல்ட்.

காலையில் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன், 11.6-க்கு மேல் ஏறவே இல்லை. அத்தையின் இன்சுலின் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. புது பேட்டரி வாங்குவதா, பயணத்தை இங்கேயே முடித்துக்கொண்டு திரும்புவதா?

நெவாடா நாடோடி

பேட்டரி ஆயுள் முடிந்திருக்கும் சகோ. பழைய வண்டியோடு வந்த ஏஜிஎம்-ஐ நம்ப முடியாது. லித்தியத்துக்கு மாறுங்கள், எடையும் பாதி.

குளிர்ப்பாறை

ஒருவேளை ஏற்கெனவே லித்தியமாக இருந்தால், 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அது சார்ஜ் வாங்காது. உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை தடுத்துவிடும். பிரைஸ் குளிரில் எனக்கு அப்படி நடந்தது. பேட்டரியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

மணல்வழி

ஏஜிஎம்தான் அண்ணா, இப்போது மறுபடி பார்த்தேன்.

கண்டக்டர் மகன்

தங்கச்சி, முதலில் இன்சுலின். பெரும்பாலான வகைகள் 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அறை வெப்பத்தில் 28 நாள் வரை தாங்கும், அதனால் ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்றதால் கெட்டுப்போயிருக்காது. அம்மாவுடைய வகைக்கு எவ்வளவு என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும், பார்மசிக்கு ஒரு போன் போட்டும் கேளுங்கள். ஊரில் ஐஸ் வாங்கி ஒரு பெட்டியில் வையுங்கள். ஆனால் மருந்து ஐஸைத் தொடக் கூடாது, துண்டில் சுற்றி வையுங்கள். உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது பேட்டரி. தயவு செய்து அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்டது ஒன்றுதான்: செவ்வாய் வரை சரி, அந்தச் சரளைச் சாலைக்கு அப்புறம் சரியில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 35, 40 ஆம்பியர்-அவர் இழுக்கும். ஹீட்டர் விசிறி இந்தக் குளிரில் 20, 25. விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்தால் 70 என்று வையுங்கள். 200-இல் நீங்கள் பயமில்லாமல் எடுக்கக்கூடியது 100. அக்டோபர் வெயிலில் உங்கள் சோலார் நல்ல நாளில் 40-ஐ ஒட்டித் தரும். மீதியை ஓட்டும்போது இன்ஜின் தந்துகொண்டிருந்தது. அது நின்றுபோனால் முதல் இரவு தெரியாது, இரண்டாம் இரவு கவிழ்த்துவிடும். அதிலும் நேற்று வண்டி காஃப் க்ரீக் பள்ளத்தில், பாறைச் சுவரின் நிழலில்தானே நின்றது? சோலாரும் பாதி நாள் தூங்கியிருக்கும். பேட்டரி மேல் பழி போடும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளலாம்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? இன்ஜினை ஓடவிட்டு இன்ஜின் பேட்டரியில் எவ்வளவு, வீட்டு பேட்டரியில் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சார்ஜரில் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

மணல்வழி

ஐஸ் வாங்கி வைத்துவிட்டோம். பார்மசியிலும் பேசினேன், அத்தையின் மருந்துக்கு அதே 28 நாள்தான் சொன்னார்கள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

இன்ஜின் பேட்டரியில் 14.1. வீட்டு பேட்டரியில் 11.7. சார்ஜரில் பச்சை விளக்கு சில விநாடி எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. இது முன்பும் இப்படித்தானா என்று நான் கவனித்ததில்லை.

கண்டக்டர் மகன்

அப்படியென்றால் இன்ஜினோடு சுற்றி கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. கரண்ட் நடுவழியில் சிக்குகிறது. விளக்கு எரிந்து அணைவதுதான் துப்பு: சார்ஜர் வேலையைத் தொடங்கப் பார்க்கிறது, கரண்ட் ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் சரிகிறது, உடனே அது விட்டுவிடுகிறது. ஃப்யூஸ் முழுக்கப் போயிருந்தால் விளக்கே எரியாது. எங்கேயோ இணைப்பு தொட்டும் தொடாமலும் இருக்கிறது.

என் சந்தேகம் பாடி எர்த். வீட்டு பேட்டரியின் நெகடிவ் ஒரு தடித்த கருப்பு ஒயராக வண்டியின் இரும்பில் போல்ட் போட்டு இறங்கியிருக்கும். ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் பேட்டரிக்கு நேரடியாகப் போவதால் அந்த போல்ட் லூஸானாலும் அவை ஓடும். சார்ஜருக்கு வரும் கரண்ட் மட்டும் திரும்பிப் போக வழியில்லாமல் தவிக்கும்.

சோதிப்பது எளிது. இன்ஜின் ஓடட்டும். மீட்டரின் ஒரு முனையை வீட்டு பேட்டரி நெகடிவில் வையுங்கள், இன்னொன்றை பெயின்ட் இல்லாத வெறும் இரும்பில், சீட் பெல்ட் போல்ட் போல ஒன்றில். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். பச்சை விளக்கு எரியும் அந்த விநாடிகளில் 0.2 வோல்ட்டுக்கு மேல் குதித்தால் ஆள் அகப்பட்டான்.

செம்மண்

அந்தச் சாலையை நானும் அனுபவித்திருக்கிறேன். துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக இருக்கும், 12 மைல் போய் 12 மைல் வந்தால் வண்டியில் இருக்கும் ஒவ்வொரு நட்டையும் யாரோ கையால் தளர்த்தியது போல ஆகிவிடும். எனக்கு அலமாரிக் கதவு கழன்று விழுந்தது. மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கத்து மண்சாலைகளில் இறங்கவே இறங்காதீர்கள், களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மணல்வழி (வியாழன் மாலை)

அண்ணா, 2.3 வோல்ட்! விளக்கு எரியும்போது 2.3, அணைந்ததும் பூஜ்யம்.

ஒயரைத் தேடிப் பின்சக்கரத்தின் மேல் பக்கம் போனோம். படுக்கையைத் தூக்கி, தண்ணீர்த் தொட்டியை நகர்த்தி, அத்தை டார்ச் பிடிக்க, கணவர் உள்ளே கையை விட்டார். போல்ட் விரலாலேயே சுற்றுகிறது. கழற்றிப் பார்த்தால் அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது. ஒயரைப் பொருத்தியவர் இரும்பைச் சுரண்டாமலே முடுக்கியிருக்கிறார். இத்தனை நாளும் போல்ட்டின் மரை வழியாக மட்டுமே கரண்ட் போயிருக்கிறது போல. உப்புத்தாள் வாங்கிவந்து இரும்பு பளபளவென்று தெரியும் வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினோம்.

இப்போது இன்ஜின் ஓடும்போது வீட்டு பேட்டரியில் 13.9, ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்த 2.3 இப்போது 0.05. பச்சை விளக்கு அணையவே இல்லை. அத்தை அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நெவாடா நாடோடி

அருமை. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். நல்லவேளை நீங்கள் புதிது வாங்கவில்லை.

கண்டக்டர் மகன்

ரொம்ப சந்தோஷம்மா. ஆனால் 11.4 வரை போன ஏஜிஎம் கொஞ்சம் அடிபட்டிருக்கும். ஒரு மணி நேர ஓட்டத்தில் நிறையாது, கடைசிப் பங்கை ஏஜிஎம் மெதுவாகத்தான் வாங்கும். இன்றைக்கு கரண்ட் இணைப்புள்ள முகாமில் ராத்திரி முழுக்கப் போட்டுவையுங்கள். நாளை காலை இணைப்பைக் கழற்றி, எல்லாவற்றையும் அணைத்து, சில மணி நேரம் கழித்து அளந்தால், நிறைந்த பேட்டரி என்றால் 12.7-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

மணல்வழி

செய்கிறோம். அப்படி நின்றால் மோவாப் வரை போகலாமா? மருந்து இருப்பதால் ஆள் இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

செம்மண்

போகலாம். 12-ஆம் எண் சாலையில் பவுல்டர் ஊருக்கு முன்னால் ஹாக்ஸ்பேக் என்ற முதுகு வரும், இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்பு கிடையாது. பகலில் மெதுவாகப் போங்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்காமல் கியரைக் குறைத்து இறக்குங்கள். அப்புறம் பவுல்டர் மலை 9600 அடி, அக்டோபரில் பனி விழலாம், காலையில் கிளம்பும் முன் சாலை நிலவரம் பாருங்கள்.

டோரி, ஹாங்க்ஸ்வில் இரண்டிலும் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ஹாங்க்ஸ்வில்லில் இருந்து 24-ஆம் எண் சாலையில் வடக்கே போய் 70-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து கிரீன் ரிவர் வழியாக மோவாப் போங்கள். 95-ஆம் எண் சாலை கொள்ளை அழகு, ஆனால் பிளாண்டிங் வரை 120 மைலுக்கு மேல் கிட்டத்தட்ட எதுவும் கிடையாது, போன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. இந்த முறை வேண்டாம். மோகி டக்வே பக்கம் வரைபடம் இழுத்தாலும் போகாதீர்கள். அது மூன்று மைல் செங்குத்தான மண்சாலை, உங்கள் போல்ட்டுக்கு இன்னொரு பரீட்சை.

மணல்வழி (சனி காலை)

டோரியில் இருக்கிறோம். நேற்று எஸ்கலான்டேயில் காலை இணைப்பைக் கழற்றி, மதியம் அளந்தபோது 12.7. பவுல்டர் மலையில் ஓரத்தில் கொஞ்சம் பனி, சாலை காய்ந்திருந்தது. நேற்றிரவு இணைப்பு இல்லாமல் ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் விடியும் வரை ஓடின, இப்போது 12.4. இன்சுலின் மறுபடி ஃப்ரிட்ஜில். அந்த போல்ட்டை இன்று காலையும் ஒரு முறை ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிட்டோம், அசையவில்லை.