இறங்கிய பிறகு ஏறுவது: கிராண்ட் கேன்யன் நடைக்குக் கொழும்பில் தயாரானவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

2023 ஒக்டோபர் முதல் வாரத்தில் நானும், அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் வசிக்கும் என் மகளும், அதே மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பிலிருந்து பிரைட் ஏஞ்சல் பாதை வழியாக இறங்கி, அன்றே மேலே திரும்பி வந்தோம். எனக்கு அப்போது 54 வயது. நாள் முழுவதும் மேசையில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவன். அந்த ஒரு நாள் நடைக்காக ஐந்து மாதங்கள் தயாரானேன். அவற்றில் முதல் இரண்டு மாதங்கள் தவறான பயிற்சியில் கழிந்தன. மார்ச் மாதம் போகவிருப்பதாகத் தம்பி ஒருவர் சொல்லியிருக்கிறார். அவரைப் போல் அடுத்துப் போகவிருப்பவர்கள் அந்த இரண்டு மாதங்களை இழக்கக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

நம்மில் பெரும்பாலானோருக்கு மலை நடை என்றால் சிவனொளிபாதமலைதான். அடிவாரத்திலுள்ள நல்லதண்ணி என்ற ஊரில் இரவு ஏறத் தொடங்கி, விடியும் வேளையில் உச்சியை அடைந்து, பிறகு முழங்கால் நடுங்க இறங்கி வருவோம். களைத்துப் போனால் வழியில் தேநீர்க் கடை இருக்கும். முடியவே முடியாது என்றால் திரும்பினால் போதும், மீதி எல்லாம் இறக்கம். கேன்யனில் இது தலைகீழாகிறது. பிரைட் ஏஞ்சல் பாதை கடல் மட்டத்திலிருந்து 2,091 மீற்றர் உயரத்திலும், அருகிலுள்ள சவுத் கைபாப் பாதை 2,213 மீற்றர் உயரத்திலும் தொடங்குகின்றன. சிவனொளிபாதமலையின் உச்சியோ 2,243 மீற்றர். ஆகவே, கிட்டத்தட்ட அந்த உச்சியில் நின்றுகொண்டுதான் நடையையே ஆரம்பிக்கிறோம். காலைக் குளிரிலும் புதுத் தெம்பிலும் கால்கள் தாமாகவே கீழே போகும். களைப்பும் உச்சி வெயிலும் ஏற்றமும் திரும்பும் வழியில் ஒன்றாகச் சேர்ந்து வரும். பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கொலராடோ ஆறு வரை இறங்கி அன்றே மேலேறி வர முயலக் கூடாது என்று தேசியப் பூங்கா நிர்வாகம் திரும்பத் திரும்ப எச்சரிப்பதற்கு இதுவே காரணம். எங்கள் திட்டம் ஆறு அல்ல, பாதையில் 7.2 கிலோமீற்றர் தூரத்தில், விளிம்பிலிருந்து 900 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் இருக்கும் ஹவசுபாய் கார்டன்ஸ் என்ற பசுமையான இடம். பழைய வழிகாட்டி நூல்களில் அது இந்தியன் கார்டன் என்றிருக்கும். 2022இல் பெயரை மாற்றினார்கள்.

கொழும்பு தட்டையான ஊர். காலிமுகத்திடலில் எத்தனை தரம் நடந்தாலும், சுதந்திர சதுக்கத்தை எத்தனை தரம் சுற்றினாலும், மூச்சுப் பழகுமே தவிரத் தொடை பழகாது. எனவே எங்கள் தொடர்மாடியின் ஒன்பது மாடிப் படிகளை நம்பினேன். முதல் இரண்டு மாதங்கள் படியால் ஏறி, முழங்காலைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு லிப்டில் இறங்கினேன். உடற்பயிற்சிச் சிகிச்சையாளராக வேலை செய்யும் என் பெறாமகள் ஒரு நாள் வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டு, "சித்தப்பா, நீங்கள் போகிற இடத்தில் முதலில் இறங்க வேண்டும். இறங்குவதை எப்போது பழகப் போகிறீர்கள்?" என்றாள். மறுநாள் மாற்றிச் செய்தேன்: லிப்டில் ஏறி, ஐந்து லீற்றர் தண்ணீர் வைத்த முதுகுப்பையுடன் படியால் ஆறு தரம் இறங்கினேன். மூச்சே வாங்கவில்லை, இது ஒரு பயிற்சியா என்றுகூட நினைத்தேன். அடுத்த இரண்டு நாட்கள் கதிரையில் உட்காரக் கையை ஊன்ற வேண்டியிருந்தது.

இறங்கும்போது முன்தொடைத் தசை சுருங்கி வேலை செய்வதில்லை. உடல் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. அப்படி நீளும்போது தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமே மறுநாள் வலியாக வருகிறது. நல்ல செய்தி என்னவென்றால், அதே வேலையைச் சில நாட்கள் இடைவெளி விட்டு மீண்டும் செய்தால், தசை வியக்கத்தக்க வேகத்தில் அதற்குப் பழகிக்கொள்ளும். மூன்றாவது வாரத்தில் பன்னிரண்டு தரம் இறங்கியும் எனக்கு வலி வரவில்லை. அதன் பிறகே ஏற்றத்தையும் சேர்த்து, கேன்யனில் வரும் அதே ஒழுங்கில், முதலில் இறக்கமும் உடனே ஏற்றமுமாகச் செய்தேன். முழங்காலில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

சப்பாத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முன்பொரு முறை சிவனொளிபாதமலையிலிருந்து இறங்கியபோது என் வலது பெருவிரல் நகம் கறுத்து, இரண்டு மாதம் கழித்து ஒரு காலை குளித்துவிட்டுத் துவட்டும்போது துவாயுடன் கழன்று வந்தது. இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் பாதம் முன்னால் வழுக்கி, நகம் சப்பாத்தின் முனையில் மோதுகிறது. ஆயிரக்கணக்கான மோதல்களைப் புதுச் சப்பாத்தும் தடுக்காது. இந்த முறை மூன்று காரியங்கள் செய்தேன். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போய், தடித்த காலுறை அணிந்து பார்த்து, அரை அளவு பெரியதாக வாங்கினேன். நடைக்கு மூன்று நாட்களுக்கு முன் நகங்களை ஒட்ட வெட்டினேன். கணுக்காலருகே உள்ள கடைசித் துளைகளில் நாடாவை வளையமாகக் கோத்து, குதிகால் பின்னாலேயே நிற்கும்படி இறுக்கிக் கட்டப் பழகினேன். பத்து நகங்களும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

வெப்பத்தைப் பற்றி எனக்கு ஓர் அலட்சியம் இருந்தது. கொழும்புக்காரனுக்கு வெயில் புதிதா என்று நினைத்திருந்தேன். ஆனால் நமக்குப் பழக்கமானது ஈர வெப்பம். இங்கே வியர்வை சட்டையை நனைத்து, நெற்றியிலிருந்து வழிந்து, எவ்வளவு நீரை இழக்கிறோம் என்று நமக்கே காட்டிவிடும். பாலை நிலத்தின் வறண்ட காற்றில் வியர்வை தோலுக்கு வந்தவுடன் ஆவியாகிவிடுகிறது. அன்று காலை பத்து மணி வாக்கில் என் சட்டை கையில் பட்டபோது வெயிலில் காய வைத்த துணிபோல் மொறமொறவென்றிருந்தது. நான் வியர்க்கவே இல்லை என்றுதான் எண்ணினேன். மகள் என் முதுகுப்பையைச் சற்று விலக்கிப் பார்த்துவிட்டு, தன் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினாள். நீலச் சட்டையில் தோள்பட்டை நெடுக, தேசப்படத்தில் கரையோரம் வரைந்ததுபோல, வெள்ளை உப்புக் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை.

இனி நடந்த நாளைச் சொல்கிறேன். கொழும்புக்கும் அரிசோனாவுக்கும் நேர வித்தியாசம் பன்னிரண்டரை மணித்தியாலம். உடம்பின் இரவும் பகலும் இடம் மாறிவிடும். அதனால் பீனிக்ஸில் நான்கு நாட்கள் ஓய்வெடுத்து, பின்பு ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் இரண்டு இரவுகள் தங்கினோம். கடல் மட்டத்திலிருந்து வந்த எனக்கு அங்கே விடுதிப் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. காலை ஆறு மணிக்குத் தலைவிளக்குடன் இறங்கத் தொடங்கியபோது நுவரெலியாவின் சனவரிக் குளிர். ஆனால் ஒவ்வொரு 300 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ் கூடுகிறது. முதல் ஓய்விடத்திலேயே ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் சுமந்தோம். இந்தப் பாதையில் 2.4 மற்றும் 4.8 கிலோமீற்றரில் உள்ள இரு ஓய்விடங்களிலும் வெப்பமான மாதங்களில் குழாய்த் தண்ணீர் உண்டு. எனினும் கேன்யனுக்குள் ஓடும் பழைய குழாய் அடிக்கடி உடைவதால், தண்ணீர் வருகிறதா என்று முதல் நாள் மாலை கேட்டறியாமல் யாரும் இறங்கக் கூடாது. சவுத் கைபாப் பாதையிலோ தண்ணீர் அறவே இல்லை, நிழலும் மிகக் குறைவு.

வழியில் கோவேறு கழுதைகளின் வரிசை ஒன்று எதிர்ப்பட்டது. அவற்றுக்கே முதல் உரிமை. பள்ளத்தின் ஓரத்தில் நிற்காமல் மலைச் சுவரோடு ஒட்டி, அசையாமல், ஓட்டுநர் சொல்லும் வரை நிற்க வேண்டும். செம்மண் புழுதி என் கண்ணாடி மேல் படிய, அரைச் சாண் தூரத்தில் அந்த விலங்குகள் நிதானமாகக் கடந்து போயின. அதனால் எங்களுக்கு நேரம் தாமதித்தது. பயணத்துக்கு முன்பே நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம்: எட்டரை மணிக்கு எங்கே நிற்கிறோமோ, அங்கிருந்து திரும்ப வேண்டும். இடத்தை வைத்து முடிவு செய்தால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனம் இழுக்கும் என்று தெரிந்தே நேரத்தை வைத்தோம். 4.8 கிலோமீற்றர் ஓய்விடத்தை அடைந்தபோது மணி எட்டு இருபத்தைந்து. கீழே ஹவசுபாய் கார்டன்ஸின் பச்சை மரங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தன. கை நீட்டினால் தொடலாம் போலிருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, விதி நீங்கள் போட்டதுதான்," என்றாள். திரும்பினோம். இறங்க இரண்டரை மணித்தியாலத்துக்கும் குறைவு. ஏற நான்கே முக்கால். ஏற்றத்துக்கு இறக்கத்தைப் போல் இரு மடங்கு நேரம் வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் சொல்வது எங்கள் விடயத்தில் அப்படியே பலித்தது. அந்த மரங்களைத் தொடப் போயிருந்தால், வெயில் உச்சியில் நிற்கும் வேளையில் ஜேக்கப்ஸ் லாடர் எனப்படும் செங்குத்தான வளைவுகளைக் கடந்து, அதற்கு மேலும் மணிக்கணக்கில் ஏறியிருக்க வேண்டும். எனக்கு அதில் இன்றும் வருத்தம் இல்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நான் அமெரிக்கா போனதில்லை. மஸ்கட்டில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தபோது, விடுமுறை நாட்களில் ஓமானின் மலைகளில் நடந்திருக்கிறேன். ஜெபல் ஷம்ஸ் மலையில் வாதி நக்ர் என்ற பெரும் பள்ளத்தாக்கின் விளிம்போரமாக, கைவிடப்பட்ட ஒரு பழைய மலைக்கிராமம் வரை செல்லும் பாதையும் அவற்றில் ஒன்று. மேலே எழுதியவர் வெயிலைச் சொன்னார். நான் வெள்ளத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

வேறொரு குறுகிய பள்ளத்தாக்கில், எங்கள் தலைக்கு மேல் வானம் துளி முகிலின்றி இருந்த ஒரு பிற்பகலில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை மேல்நோக்கி வீசி வீசிக் கத்தினார். மொழி முழுவதும் புரியவில்லை. ஆனாலும் பாறைமேல் ஏறினோம். அவர் காட்டிய பிறகே கவனித்தேன்: காலடியில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்த ஓடை கலங்கி, சுள்ளிகளும் இலைச் சருகுகளும் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. சிறிது நேரத்தில் நாங்கள் சோறு சாப்பிட்ட மணல் திட்டைக் காணவில்லை. மழை எங்கோ மலையின் மறுபக்கம் பெய்திருக்கிறது. பாலை நிலத்தில் பாறையும் இறுகிய மண்ணும் நீரை உறிஞ்சுவதில்லை. பெய்த மழை முழுவதும் பள்ளத்தாக்குக்குள் ஒரே பாய்ச்சலாக வந்துவிடுகிறது. கிராண்ட் கேன்யனிலும் சூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பிற்பகல் இடிமழைக் காலம் என்பதால், அந்த மாதங்களில் போகிறவர்கள் நாம் நிற்கும் இடத்து வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

தெஹிவளையிலிருந்து:

நான் தாதியாக வேலை செய்பவள். என் தங்கையும் நானும் மே மாதத்தில் அதே பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கினோம். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னதை அவள் மிக உண்மையாகக் கடைப்பிடித்தாள்; பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடித்தாள். சாப்பிடச் சொன்னபோது பசியில்லை என்றாள். திரும்பும் வழியில் அவளுக்குக் குமட்டலும் தலைவலியும் வந்தன. நீரிழப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுக்கப் போனேன். அப்போது அவள் மோதிரத்தைச் சுழற்றிக் கழற்ற முயன்று முடியாமல் நிற்பதைக் கண்டேன். விரல்கள் தடித்திருந்தன. அதற்கு முந்திய ஓய்விடத்தில் மூன்று தரம் கழிப்பறைக்குப் போனதும் நினைவுக்கு வந்தது. நீரிழந்தவருக்குச் சிறுநீர் குறைந்து மஞ்சளாகும். இவளுக்கு அப்படி இல்லை. உப்பு வியர்வையில் போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீர் மட்டும் உள்ளே சேர்ந்ததால் இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்க வேண்டும் என்று ஐயுற்றேன். முற்றினால் குழப்பமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை அது.

தண்ணீரை நிறுத்தி, நிழலில் உட்கார வைத்து, என் பையிலிருந்த உப்புக் கச்சானையும் முறுக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்தேன். அவள் பேச்சில் தடுமாற்றம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரிந்திருந்தால் உடனே பூங்காக் காவலரான ரேஞ்சரை அழைத்திருப்பேன். ஒரு மணித்தியாலத்தில் தெளிந்தாள். அதன் பிறகு தாகத்துக்கு மட்டும் குடித்து, குடிக்கும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைக் கடித்து, மெதுவாக ஏறினோம். கொழும்பிலிருந்து போகிறவர்கள் ஜீவனி எனப்படும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள் பக்கெட்டுகள் சிலவற்றைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. ஒரு பக்கெட்டை உறையில் சொல்லியிருக்கும் அளவு தண்ணீரில் முழுவதாகக் கரைக்க வேண்டும், பாதியைக் கொட்டி மீதியை மடித்து வைக்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், முக்கியமாகச் சிறுநீரை அதிகரிக்கும் மாத்திரை எடுப்பவர்கள், உப்பு விடயத்தில் தாங்களாக முடிவெடுக்காமல் தங்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று. அந்த ஓய்விடங்களில் அணில்கள் மிகவும் பழகியவைபோல் மடிக்கு வரும். உணவு கொடுக்காதீர்கள், அவை கடிக்கும், நோயும் பரப்பும். எங்கள் முறுக்குப் பையின் ஸிப்பை ஓர் அணில் திறக்கவே பார்த்தது.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்:

தங்கையின் மோதிரத்தைப் பற்றி எழுதிய சகோதரிக்கு மிக்க நன்றி. இப்படி ஓர் ஆபத்து இருப்பதையே நான் அறிந்திருக்கவில்லை. மகள் உப்புப் பிஸ்கற்றை வற்புறுத்திச் சாப்பிட வைத்ததால் தப்பியிருக்கிறேன் போலும்.

மார்ச் மாதம் போகவிருப்பதாகச் சொன்ன தம்பிக்கு: அப்போது பாதையின் மேற்பகுதியில் பனிக்கட்டி இருக்கலாம், சப்பாத்தின் அடியில் மாட்டும் முள்பட்டையும் இரு ஊன்றுகோல்களும் இல்லாமல் இறங்க வேண்டாம். அந்த மாதத்தில் மேல் ஓய்விடங்களின் குழாய்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். தண்ணீரை முழுவதும் சுமக்கும் கணக்கில் தயாராகுங்கள். படி இறங்கும் பயிற்சியை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். என் ஊன்றுகோல்கள் சும்மாதான் இருக்கின்றன. எந்த ஞாயிறு காலையிலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். வரும்போது அந்தச் சப்பாத்தையே போட்டுக்கொண்டு வாருங்கள். நாடா கட்டும் விதத்தை எழுத்தில் விளங்கப்படுத்துவதைவிட, ஒரு தரம் கட்டிக் காட்டிவிடுகிறேன்.