குளோன் செய்த எஸ்எஸ்டியில் லினக்ஸ் பூட் ஆகாதபோது: உறுப்பினர்களின் அனுபவங்கள்

கிருஷ்ணகிரி உறுப்பினர்:

காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் ஆலையில், எடைமேடைச் சீட்டுகளைப் பதிவு செய்யும் கணினியில் பழைய உபுண்டு இயங்கி வந்தது. மாங்காய் வரத்து தொடங்கும் முன் ஹார்டு டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும் என்று, வெளியூர் டெக்னீஷியன் ஒருவரைக் கொண்டு புதிய எஸ்எஸ்டியில் பார்ட்டிஷன் (வட்டின் தனித்தனிப் பகுதிகள்) பிரித்து, ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி மூலம் எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்திருந்தார்கள். எஸ்எஸ்டியை மாட்டியதும், பூட் செய்யத்தக்க சாதனம் எதுவும் இல்லை என்ற செய்தியோடு கணினி நின்றுவிட்டது. நகல் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடலாம் என்று ஆலையில் முடிவெடுத்திருந்த வேளையில்தான் என்னை அழைத்தார்கள்.

நிறுவாமலேயே லினக்ஸை இயக்கும் லைவ் யுஎஸ்பியில் ஏற்றிப் பார்த்தபோது எடைச் சீட்டுகள் உட்பட அனைத்தும் முழுமையாக இருந்தன. ஆகவே தரவு போகவில்லை, அதை எங்கே தேடுவது என்ற குறிப்புகள்தாம் பழையவையாக இருந்தன. யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும், பயாஸுக்குப் பின் வந்த மதர்போர்டு மென்பொருள்) உள்ள கணினியில் பூட் பதிவு மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. அது பூட் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதன் தனி அடையாள எண்ணைக் கொண்டே தேடுகிறது. பார்ட்டிஷனைப் புதிதாக உருவாக்கினால் எண்ணும் புதிதாகிவிடும், பழைய பதிவு எதையும் கண்டுபிடிக்காது. அதைப் போலவே, கோப்புகளை மட்டும் நகலெடுத்த புதிய கோப்பு முறைமைக்கும் யுயுஐடி எனும் புதிய அடையாள எண் கிடைத்திருக்கும். ஆனால் எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பும், லினக்ஸை ஏற்றிவைக்கும் கிரப் நிரலின் அமைப்பும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்.

லைவ் யுஎஸ்பியை யுஇஎஃப்ஐ முறையிலேயே ஏற்ற வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பழைய பயாஸ் முறையில் ஏற்றினால் மதர்போர்டில் புதிய பூட் பதிவை எழுத இயலாது. பிளாக்ஐடி கட்டளை காட்டிய புதிய யுயுஐடி எண்களைக் கொண்டு எஃப்எஸ்டேப்பைத் திருத்தினேன். பிறகு ரூட் பார்ட்டிஷனையும் (லினக்ஸ் இருக்கும் முதன்மைப் பகுதி) இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுண்ட் செய்து (கோப்புகளை அணுகும்படி இணைத்து), டெவ், ப்ராக், சிஸ் ஆகிய கணினி அடைவுகளை அதனுடன் இணைத்து, நிறுவப்பட்ட லினக்ஸுக்குள் நுழைய உதவும் சிரூட் கட்டளை வழியாக உள்ளே சென்று கிரப்பை மறுபடியும் நிறுவி அதன் அமைப்பையும் புதுப்பித்தேன். கணினி எழுந்தது, ஆனால் பாதி வழியில் 90 விநாடி காத்திருந்தது. ஸ்வாப் பார்ட்டிஷனின் (நினைவகத்துக்குத் துணையாகும் வட்டுப் பகுதி) வரி எஃப்எஸ்டேப்பில் இன்னும் பழைய யுயுஐடியுடன் இருந்ததே காரணம். இல்லாத சாதனத்துக்காக, லினக்ஸின் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி காத்திருக்கும் இயல்பான கால அளவு அது. அந்த வரியையும், இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் சிறு கோப்பு முறைமை) அமைப்பில், ஸ்வாப்பின் யுயுஐடியைக் குறிக்கும் ரெஸ்யூம் கோப்பையும் திருத்தி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்த பின் தடங்கல் நீங்கியது.

தருமபுரி உறுப்பினர்:

நண்பர் சொன்னதற்கு நேர் எதிரான ஒன்றைப் பாலக்கோட்டில் ஒரு வாடிக்கையாளரின் கணினியில் கண்டேன். டிடி கட்டளையால் முழு வட்டையும் நகலெடுத்தால் யுயுஐடிகளும் அப்படியே நகலாகின்றன. இரண்டு வட்டுகளும் ஒரே நேரத்தில் மாட்டப்பட்டிருந்ததால், கிரப் புதிய எஸ்எஸ்டியிலிருந்து ஏறினாலும் ரூட்டாகப் பழைய ஹார்டு டிஸ்க்கே மவுண்ட் ஆகியிருந்தது. வேலை செய்கிறது என்று நம்பிய அவர் பல நாள் கணக்குகளைப் பழைய வட்டிலேயே எழுதி வந்திருக்கிறார்! எனவே குளோன் முடிந்ததும் பழைய வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டே முதல் பூட்டைச் சோதிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டுமென்றால், எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறைமை வகை) பார்ட்டிஷனை அன்மவுண்ட் செய்து, டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் ஒன்றின் யுயுஐடியை மாற்றுங்கள். மாற்றிய வட்டின் எஃப்எஸ்டேப்பையும் கிரப்பையும் அதற்கேற்பத் திருத்த மறக்காதீர்கள்.

ஓசூர் உறுப்பினர்:

வட்டை உள்ளே வைத்து யுஎஸ்பியில் இணைக்கும் பெட்டி வழியாகக் குளோன் செய்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. சில பெட்டிகள் 512 பைட் செக்டாரை (வட்டில் தரவை அளக்கும் சிற்றலகு) 4096 பைட்டாகக் கணினிக்குக் காட்டுகின்றன. பார்ட்டிஷன் அட்டவணை செக்டார் எண்ணிக்கையில் எழுதப்படுவதால், பெட்டிக்குள் இருக்கும்போது சரியாகத் தெரிந்த பார்ட்டிஷன்கள் எஸ்எஸ்டியை மதர்போர்டில் நேரடியாக மாட்டியதும் காணாமல் போகும். இந்த நிலையில் கிரப்பை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. இரண்டு வட்டுகளையும் சாட்டா கேபிளில் நேரடியாக இணைத்து மறுபடியும் குளோன் செய்ததும் என்னிடம் வந்த கணினி பூட் ஆகிவிட்டது.