'நோ'வுக்குத் தமிழில் என்ன போடுவது? நாளைக் காலைக்குள் வேண்டும்

நெல்லைப்பேனா (இரவு 9:10)
எல்லாருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் வரும் 'நோ'வை எல்லா இடத்திலும் 'தெரியும்' என்றே மாற்றியிருந்தேன். திருத்துபவர் நாலு இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, "பொருள் மாறிவிட்டது" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு என்ன சொல் இருக்கிறது? காலை 10 மணிக்குள் கொடுக்க வேண்டும்.

குமரன்72 (9:14)
'இல்லை' என்று போடுங்கள். இடத்தைப் பார்த்து 'வேண்டாம்', 'கூடாது'. இதில் 'தெரியும்' எங்கிருந்து வந்தது?

நெல்லைப்பேனா (9:15)
அந்த நோ இல்லைங்க. 'கே'யில் தொடங்குகிற நோ.

குமரன்72 (9:16)
மன்னிக்கவும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

மலர் டீச்சர் (9:20)
வாக்கியம் என்ன? யார் யாரிடம் சொல்வது? கதையா, பாடமா, படிவமா? இது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

அறிவன் (9:24)
வாக்கியமே தேவையில்லை. 'தெரி' என்றால் கண்ணுக்குப் புலப்படுவது. மலை தெரிகிறது, வெளிச்சம் தெரிகிறது. மனத்தின் வேலைக்கு உரிய சொல் 'அறி'. எல்லா இடத்திலும் 'அறிவேன்' என்று மாற்றுங்கள், சிவப்புக் கோடு போய்விடும்.

சொல்லாய்வன் (9:31)
தம்பி, இங்கே கேட்பதற்கு முன்னால் ஒரு நல்ல அகராதியைப் புரட்டியிருக்கலாம். பத்து வருடமாக இதே கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். ஜெர்மன்காரர்கள் ஒரு செய்தியை அறிவதற்கு 'விஸ்ஸன்', ஆளையோ ஊரையோ பழகி அறிவதற்கு 'கென்னன்' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் 'சவ்வார்', 'கொனெத்ர்'. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டது. இந்த அடிப்படை இல்லாமல் மொழிபெயர்க்க உட்காரக் கூடாது.

மலர் டீச்சர் (9:35)
ஐயா, தமிழும் அங்கே பிரிப்பதில்லையே. "எனக்குப் பதில் தெரியும்", "எனக்கு அவரைத் தெரியும்", "எனக்கு நீந்தத் தெரியும்". மூன்றுக்கும் ஒரே சொல்தான். அவருடைய சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது. நெல்லைப்பேனா, வாக்கியத்தைப் போடுங்கள்.

நெல்லைப்பேனா (9:52)
சாப்பிடப் போய்விட்டேன். இதோ அந்த நாலும், நான் எழுதியதோடு:
"ஐ நியூ ஆஃப் ஹிம், பட் ஐ டிட்ன்ட் நோ ஹிம்." – எனக்கு அவர் தெரிந்தார், ஆனால் தெரியாது.
"ஹி ஹேட் பீன் நோன் டு கேரி எ நைஃப்." – அவர் கத்தி வைத்திருப்பார் என்று தெரியும்.
"ஐ நியூ ஹிம் பை ஹிஸ் வாக்." – அவர் நடையால் அவரைத் தெரியும்.
"ஐ வுட்ன்ட் நோ." – நான் தெரிந்திருக்க மாட்டேன்.

தேம்ஸ்கரை (9:58)
இது சாட்சி வாக்குமூலம் மாதிரி இருக்கிறதே. இங்கே லண்டனில் நானும் தமிழ் உரைபெயர்ப்பாளராக இருக்கிறேன். வழக்குத் தாள் என்றால் உடனே அழித்துவிடுங்கள்.

நெல்லைப்பேனா (10:01)
பயப்படாதீர்கள், பயிற்சித் தாள்தான். நீதிமன்ற மொழிபெயர்ப்புத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஆளும் சம்பவமும் கற்பனை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தேம்ஸ்கரை (10:17)
சரி, அப்படியென்றால் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் முதல் வரி ஓர் ஆளைக் கூண்டில் ஏற்றிவிடும். "எனக்கு அவர் தெரிந்தார்" என்றால் தமிழில் அவர் என் கண்ணில் பட்டார் என்று பொருள். சாட்சி சொன்னதோ, பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன், பழக்கம் இல்லை என்பது. சம்பவ இடத்தில் பார்த்ததாக அவர் சொல்லவே இல்லை.
எங்கே தவறுகிறது என்றால், "எனக்கு அவரைத் தெரியும்" என்பதில் 'ஐ' உருபு வரும், வினை 'தெரியும்' என்றே நிற்கும், அவருக்கேற்ப மாறாது. உருபை எடுத்துவிட்டு வினையை 'தெரிந்தார்' என்று ஆக்கியதும் அது பார்வையாகிவிட்டது. இறந்த காலம் வேண்டும் என்று நினைத்து மாற்றியிருப்பீர்கள். "அன்றைக்கே எனக்கு அவரைத் தெரியும்" என்றால் போதும், காலத்தை 'அன்றைக்கே' பார்த்துக்கொள்ளும். இந்த வரிக்கு நான் எழுதுவது: "அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் பழக்கம் இல்லை."

அறிவன் (10:20)
இதைத்தானே நானும் சொன்னேன். 'தெரி' பார்வைக்கு உரியது. "அவரை அறிந்திருந்தேன்" என்று எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

மலர் டீச்சர் (10:24)
அந்த வரியில் அவர் என்பது ஆண். நாளைக்கே ஒரு பெண்ணைப் பற்றி "அவளை அறிந்தேன்" என்று சாட்சி சொன்னதாக எழுதிப் பாருங்கள். "ஆதாம் தன் மனைவியாகிய ஏவாளை அறிந்தான்" என்பதை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? உடலுறவையும் குறிக்கும் எபிரேயச் சொல் 'யாதா' பைபிள் வழியாக அப்படியே ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் வந்த இடம் அது. அதைவிட, பேச்சில் யாரும் "அறிவேன்" என்று சொல்வதில்லை. வாக்குமூலம் அவருடைய வாயிலிருந்து வந்த மாதிரி இருக்க வேண்டும்.

அறிவன் (10:29)
பேச்சில் இல்லை என்று சொல்லாதீர்கள். மலையாளத்தில் "எனிக்கு அறியாம்" என்றுதான் இன்றும் வீட்டில் பேசுகிறார்கள். நாம்தான் கைவிட்டோம்.

சொல்லாய்வன் (10:36)
வேர் வரைக்கும் போவதென்றால் முழுதாகப் போக வேண்டும். ஆங்கில 'நோ' பழைய ஆங்கிலத்தில் 'க்னாவன்'. முன்னால் நிற்கும் 'க' ஒரு காலத்தில் ஒலித்தது. கிரேக்க 'க்னோசிஸ்', நம் 'ஞானம்' எல்லாம் அதே வேர். ஸ்காட்லாந்தில் இன்றும் 'கென்' என்பார்கள்.

அறிவன் (10:39)
"நம் ஞானம்" என்பது சமஸ்கிருதம். நம்முடையது அறிவு.

சொல்லாய்வன் (10:41)
ஆயிரம் வருடமாகத் தமிழன் வாயில் இருக்கும் சொல்லை வெளியே அனுப்ப நீங்கள் யார்?

குமரன்72 (10:44)
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்களேன். அவருக்குக் காலையில் கொடுக்க வேண்டும். மற்ற மூன்று வரி அப்படியே நிற்கிறது.

தேம்ஸ்கரை (10:58)
கத்தி வரிக்கு வருகிறேன். "வைத்திருப்பார் என்று தெரியும்" என்று எழுதினால் சாட்சிக்கே நேராகத் தெரியும் என்றாகிவிடும். ஆங்கிலத்தில் அறிந்தவர் யார் என்பது சொல்லப்படவில்லை. முன்பு எப்போதாவது அப்படி நடந்திருக்கிறது என்பதுதான் செய்தி. தமிழில் இதற்கு அழகான வழி இருக்கிறது: "அவர் கத்தி வைத்திருந்ததுண்டு." இந்த 'உண்டு' பழக்கம் என்றும் சொல்லாது, அன்றைக்கு வைத்திருந்தார் என்றும் சொல்லாது. 'ஹேட் பீன்' இல்லாமல் வெறும் 'வாஸ் நோன் டு' என்றிருந்தால் "கத்தி வைத்திருப்பவர் என்று ஊரில் பேச்சு" என்று எழுதுவேன்.

மலர் டீச்சர் (11:05)
மூன்றாவது அடையாளம் காண்பது. "நடையை வைத்தே அவர்தான் என்று கண்டுகொண்டேன்." நாலாவது சின்ன வரி, ஆனால் கஷ்டமானது. "எனக்கெப்படித் தெரியும்?" என்பதுதான் நெருக்கம். நீதிமன்றத்தில் அது எரிந்து விழுகிற மாதிரி கேட்கும்.

தேம்ஸ்கரை (11:09)
ஆமாம், குரலைப் பொறுத்தது. சாட்சி சாதாரணமாகச் சொல்லியிருந்தால் "அது எனக்குத் தெரிய வழியில்லை" என்று எழுதலாம். வெறும் "தெரியாது" போட்டால், தெரிந்துகொள்ளும் இடத்தில் தான் இல்லை என்று அவர் சொன்னது விடுபட்டுவிடும். நெல்லைப்பேனா, தாளில் அந்தப் பதிலுக்கு முந்தைய கேள்வி என்ன?

தேம்ஸ்கரை (11:40)
இருக்கிறீர்களா?

நெல்லைப்பேனா (மறுநாள் பகல் 12:25)
தூங்கிவிட்டேன், மன்னிக்கவும். 9:50க்கு அனுப்பினேன். மூன்று கோடு போய்விட்டது. "வைத்திருந்ததுண்டு"க்குப் பக்கத்தில் டிக் போட்டிருந்தார். நாலாவது இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது. முந்தைய கேள்வி: "அவர் வீட்டில் எத்தனை பேர்?" எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

மலர் டீச்சர் (12:31)
அந்தக் கேள்விக்கா? அப்படியென்றால் "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்று போட்டுப் பாருங்கள். அந்த "அதெல்லாம்" மீதியைச் சொல்லிவிடும்.

அறிவன் (12:50)
ஞானம் பற்றிய தனி இழை தொடங்கிவிட்டேன். சொல்லாய்வன் அங்கே வரவும்.