ஃபேடர் கைக்குள்ளேயே நடுங்குகிறது: ஃபீட்பேக் செட்டிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எட்டு மோட்டார் ஃபேடர் (வால்யூமை ஏற்றி இறக்கும், மோட்டாரால் தானாகவும் நகரும் சறுக்குப் பிடி) உள்ள யூஎஸ்பி கன்ட்ரோலர், மாக்கி கன்ட்ரோல் மோடில் (ரெக்கார்டிங் மென்பொருளோடு பேசும் ஒரு பொது முறை) ஓடுகிறது. விண்டோஸ் 11. போன வாரம் ரெக்கார்டிங் மென்பொருளை அப்டேட் செய்ததிலிருந்து இந்தத் தொல்லை.

திரையில் வால்யூமை நகர்த்தினால் ஃபேடர் ஒழுங்காக வருகிறது. பேங்க் (அடுத்த எட்டு டிராக்) மாற்றினாலும் சரியான இடத்தில் போய் நிற்கிறது. மியூட், சோலோ விளக்குகளிலும் குறையில்லை. ஆனால் ஃபேடரை மெதுவாகக் கையால் ஏற்றும்போது மோட்டார் எதிர்த்து இழுக்கிறது. விரலுக்கடியில் 'டர்ர்' என்று அதிர்கிறது. ஆட்டோமேஷன் (ஃபேடர் அசைவின் பதிவு) எழுதினால் கோடு முழுக்க ரம்பப் பல். குரல் டிராக்கில் நுணுக்கமாக வேலை செய்யவே முடியவில்லை.

கன்ட்ரோலருக்கும் மென்பொருளுக்கும் இடையே போகும் செய்திகளைக் காட்டும் மிடி மானிட்டரில் பார்த்தேன். விரல் வைத்ததும் முதல் ஃபேடரின் டச் நோட் 104 வருகிறது, எடுத்ததும் வெலாசிட்டி 0 வருகிறது. ஆக டச் சென்சார் மேல் சந்தேகமில்லை. இடைப்பட்ட நேரத்தில் நான் அனுப்பும் பிட்ச் பெண்ட் மதிப்புகள் (ஃபேடர் இருக்கும் இடத்தைச் சொல்பவை) சற்றுத் தாமதமாக எனக்கே திரும்பி வருகின்றன.

கேபிள், போர்ட் மாற்றியாயிற்று. ஃபர்ம்வேர் புதிது. அதே போர்ட் டிராக் இன்புட்டாகவும் இருந்ததை நீக்கியாயிற்று. மென்பொருள் கன்ட்ரோலருக்குத் திருப்பி அனுப்பும் இந்த ஃபீட்பேக்கை மொத்தமாக அணைத்தால் நடுக்கம் நிற்கிறது, ஆனால் ஃபேடர்களும் அசைவதில்லை.

விரல் ஃபேடரில் இருக்கும்வரை மட்டும் அந்தச் சேனலின் ஃபீட்பேக்கை நிறுத்தி வைக்க எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?