பிக்கியின் கை கடைசியில்தான் உயர்ந்தது

வேப்பங்காற்று:
வில்லியம் கோல்டிங் எழுதி 1954இல் வெளியான 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலை மூன்றாம் முறையாக முடித்துவிட்டு எழுதுகிறேன். படிக்காதவர்களுக்கு இரண்டு வரி: போர்க்காலத்தில் விமானம் விழுந்து, பெரியவர் ஒருவர்கூட இல்லாத தீவில் இங்கிலாந்துப் பள்ளிச் சிறுவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ரால்ஃபைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாடகர் குழுவின் தலைவன் ஜாக் வேட்டைக்காரனாகிக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். கொலை வரைக்கும் போகிறது.

என் கட்சி இதுதான்: தலைவனாகியிருக்க வேண்டியவன் பிக்கி, அந்தக் குண்டான, கண்ணாடி போட்ட பையன். தண்ணீருக்குள் ஏதோ வெளிறித் தெரிகிறது என்று ரால்ஃப் பார்த்தான். அது சங்கு, ஊதிக் கூப்பிட்டால் எல்லோரும் வருவார்கள் என்று சொன்னவன் பிக்கி. அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து ஊத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். ஆஸ்துமா இருப்பதால் அவனால் ஊத முடியாது. ஊதியவன் ரால்ஃப், தலைவனும் ரால்ஃப். இதுவரை வெளிப்பட்ட அறிவெல்லாம் பிக்கியிடமிருந்து வந்தது என்று தேர்தல் காட்சியில் கோல்டிங்கே எழுதிவிடுகிறார். அப்புறம் என்ன வாதம் வேண்டியிருக்கிறது?

மறுகரை:
வாதம் வேண்டும், ஐயா. அறிவிருந்தால் தலைமை வந்துவிடும் என்றால் ஊரில் பாதிப் பஞ்சாயத்தைக் கணக்குப்பிள்ளைகளே நடத்தியிருப்பார்கள்.

பிக்கியிடம் ஒப்படைத்த ஒரே வேலையைப் பாருங்கள். எல்லோருடைய பெயரையும் கேட்டுக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். அவன் முடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் பூச்சி மாதிரி ஓடிக்கொண்டிருந்தால் எப்படி எடுப்பது என்று சாக்குச் சொல்கிறான். கப்பல்களுக்குப் புகை காட்ட முதல் நாள் மூட்டிய தீ காட்டுக்குள் பரவியபோது, முகத்தில் மச்சமுள்ள சிறுவன் காணாமல் போகிறான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. எத்தனை பேர் என்ற கணக்கும் இல்லை.

வேப்பங்காற்று:
அந்தச் சிறுவனைக் காணவில்லை என்று அங்கே முதலில் கேட்டவன் யார்? பிக்கிதான். புகையைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு அவன் நினைப்பே இல்லை. உதவிக்கு ஓர் ஆள்கூடக் கொடுக்காமல் குடிமதிப்புக் கணக்கெடுக்கச் சொல்லிவிட்டுத் தலைவர் மலையேறிப் போய்விட்டார். இது யார் தவறு?

இன்னொன்று. பெயர் கேட்கும் அந்தப் பையனின் பெயரை யாராவது கேட்டார்களா? முதல் பக்கங்களில் ரால்ஃபின் பெயரைக் கேட்டுவிட்டு, தன் பெயரையும் அவன் கேட்பான் என்று காத்திருக்கிறான். ரால்ஃப் கேட்கவில்லை. பள்ளியில் பன்றி என்ற பொருள் வர என்னை 'பிக்கி' என்று கூப்பிட்டார்கள், யாரிடமும் சொல்லிவிடாதே என்று நம்பிச் சொல்கிறான். அதைத்தான் ரால்ஃப் கூட்டத்தில் போட்டு உடைக்கிறான். சிரிப்பில் பிக்கியைத் தவிர எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

சாக்பீஸ்:
ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள் நான். கதையைச் சொல்லி, நீங்கள் அந்தத் தீவில் இருந்தால் யாருக்கு ஓட்டு என்று எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலான சீட்டுகளில் பிக்கி. ஒருவன் மட்டும் ரால்ஃப் என்று எழுதியிருந்தான். வகுப்பில் அவன் வாயைத் திறந்தாலே பின்வரிசை கனைக்கும். ஏன் என்று தனியாகக் கேட்டேன். "பிக்கியை நிறுத்தினால் ஜெயிக்க மாட்டான், டீச்சர். அவனுக்கு ரால்ஃப் பக்கத்தில் இருந்தால்தான் நல்லது" என்றான். இதற்கு மதிப்பெண் போட எனக்குத் தெரியவில்லை.

நாவலிலும் பிக்கிக்கு இது தெரியும். பாடகர் குழுவைத் தவிர எல்லோருடைய கையும் ரால்ஃபுக்காக உடனே உயர்கிறது. பிக்கியின் கை மட்டும் தயங்கி, மனமில்லாமல், கடைசியில் உயர்கிறது. பின்னால் ரால்ஃப் பதவியை விட்டுவிடலாமா என்று சோர்கிறபோது, நீ விட்டால் என் கதி என்ன என்று கெஞ்சுகிறவனும் அவன்தான். கோல்டிங் சாலிஸ்பரியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எந்தப் பையனின் பேச்சுக்கு வகுப்பு சிரிக்கும் என்பதை அறிந்து எழுதியிருக்கிறார். பிக்கியின் உடம்பு மட்டுமல்ல, அவன் பேசும் கொச்சையும் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலேயர்களுக்கு வாயைத் திறந்தால் போதும், வர்க்கம் தெரிந்துவிடும்.

கடலோரத்தான்:
இரண்டு செய்திகளைப் போட்டுவிட்டுப் போகிறேன். ஒன்று, தீவில் தீ மூட்டுவது பிக்கியின் கண்ணாடியால்தான். அவனுக்கோ கிட்டப்பார்வை. அதற்குப் போடுவது குழிந்த லென்ஸ். அது வெயிலைக் குவிக்காது, விரித்துவிடும். அதை வைத்துத் தீ மூட்டவே முடியாது. அறிவின் அடையாளம் என்று எல்லோரும் கொண்டாடும் கண்ணாடியே இயற்பியலில் தேறாது!

இரண்டு, 1965இல் டோங்கா நாட்டுப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் படகு பழுதாகி, ஆளில்லாத அட்டா தீவில் ஒதுங்கினார்கள். சுமார் 15 மாதம் இருந்தார்கள். தீயை அணையவிடாமல் முறைவைத்துக் காத்தார்கள். ஒருவன் கால் உடைந்தபோது கட்டுப்போட்டுக் குணமாக்கினார்கள். 1966இல் ஓர் ஆஸ்திரேலியப் படகு வந்து மீட்டது. ஆகவே சிறுவர்கள் என்றாலே இப்படித்தான் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

மறுகரை:
கண்ணாடி விஷயம் சரி. டோங்கா இங்கே பொருந்தாது. அவர்கள் ஆறு பேர், முன்பே நண்பர்கள். இங்கே ஒருவரையொருவர் அறியாத கூட்டத்துக்குள், சீருடை போட்டு வரிசையில் நடந்து வருகிறது ஒரு குழு. ரால்ஃப் செய்த பெரிய பிழை அங்கேதான். தோற்ற ஜாக்கின் முகம் வாடியதைப் பார்த்து, பாடகர் குழு உனக்கே என்று விட்டுக்கொடுக்கிறான். ஆறுதல் பரிசாக ஒரு படையைக் கொடுத்த தலைவனை நான் வேறெங்கும் படித்ததில்லை. தீயைக் காக்கும் பொறுப்பையும் அந்தக் குழுவே கேட்டு வாங்கிக்கொள்கிறது. பன்றி வேட்டைக்குப் போனபோது தீ அணைந்தது, கப்பல் கடந்து போயிற்று.

வேப்பங்காற்று:
பார்த்தீர்களா, என் வாதத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பிக்கி தலைவனாயிருந்தால் இது நடந்திருக்குமா?

மறுகரை:
வேறு ஏதாவது நடந்திருக்கும். குடிசைக் கணக்கைப் பாருங்கள். முதல் குடிசையை எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள், இரண்டாவதை நான்கு பேர், மூன்றாவதை ரால்ஃபும் பாடகர் குழுச் சிறுவன் சைமனும் மட்டும். பிக்கி அந்தக் கணக்கில் இல்லை. கை அழுக்காகாதவன் சொல்லை யார் கேட்பார்கள்?

இன்னும் முக்கியமானது சைமன். தீவில் பூதம் இருக்கிறது என்று எல்லோரும் நடுங்கும்போது, ஒருவேளை அது நாம்தானோ என்கிறான். நாவலிலேயே ஆழமான பேச்சு அது. அதைப் பிதற்றல் என்று வெட்டிவிட்டவன் ஜாக் இல்லை, பிக்கி! இருட்டில் ஊர்ந்து வந்த சைமனைப் பூதமென்று எல்லோரும் அடித்துக் கொன்ற மறுநாள், அது கொலை என்று ரால்ஃப் வாய்விட்டுச் சொல்கிறான். பிக்கி என்ன செய்கிறான்? நிறுத்து என்று கத்துகிறான். இருட்டு, மழை, விபத்து, அவனும்தான் ஏன் அப்படி ஊர்ந்து வந்தான் என்று காரணம் அடுக்குகிறான். அவ்வளவு மூளையும் அன்றைக்கு வக்கீல் வேலை பார்த்தது. மந்தமான ரால்ஃப்தான் உண்மையைச் சொன்னான்.

சாக்பீஸ்:
இது கனமான அடி. ஆனால் பிக்கியும் ஒரு சிறுவன்தான். அந்த வட்டத்தின் ஓரத்தில் அவனும் நின்றிருந்தான், அதைத் தாங்க முடியாமல்தான் கத்துகிறான்.

வேப்பங்காற்று:
சைமன் விஷயத்தில் இறங்கி வருகிறேன். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிற வழக்கம் எனக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் சங்கைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடி பறிபோய், பார்வை தெரியாமல் ஜாக்கின் கோட்டைக்கு முன்னால் போய் நியாயம் கேட்கிறானே, அந்தத் துணிவை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? ஜாக்கின் ஆள் ரோஜர் உருட்டிவிட்ட பாறை சங்கையும் அவனையும் சேர்த்தே முடிக்கிறது. கடற்படை அதிகாரி வந்து நிற்கும்போது ரால்ஃப் அழுவது உண்மையும் அறிவும் கொண்ட அந்த நண்பனுக்காகவும்தான். அப்போதும் பிக்கி என்றே நினைத்து அழுகிறான்.

மறுகரை:
மூன்று முறை படித்த நீங்களும் பிக்கி என்றுதான் எழுதுகிறீர்கள்.

வேப்பங்காற்று:
கோல்டிங் வேறு பெயர் கொடுக்கவில்லையே, ஐயா. குடிசைக் கணக்குக்கு நாளை பதில் எழுதுகிறேன். ஆஸ்துமாக்காரனைக் குடிசைக்கு மரம் சுமக்கச் சொல்கிற ஆளை அவ்வளவு எளிதில் விடமாட்டேன்.