சனி, ஞாயிறு மட்டும்: சாந்தா குரோச்சேயிலிருந்து பழைய யாத்திரைப் பாதையில் நடக்க முடியுமா?

ராணிப்பேட்டை_பாலாறு கேட்டது:
அக்டோபர் நடுவில் டேனரி மெஷின் பார்க்க இத்தாலி, சாந்தா குரோச்சே போகிறேன். வெள்ளி மாலையோடு வேலை முடிகிறது. சனி, ஞாயிறு சும்மா. ரோமுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையான வியா ஃப்ரான்சிஜெனா பக்கத்திலேயே போவதாக மேப் காட்டுகிறது. முன்பதிவு எதுவும் செய்யவில்லை. 20 கி.மீ. வரை நடப்பேன், சைவம். எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்? ஞாயிறு இரவு சாந்தா குரோச்சே திரும்பியாக வேண்டும்.

ஆற்காடு_நடை:
சான் மினியாட்டோவில் தொடங்குங்கள். சனி இரவு காம்பாஸி தெர்மே, ஞாயிறு மதியம் சான் ஜிமிஞானோ. முதல் நாள் 24 கி.மீ., மறுநாள் 13 சொச்சம். முதல் நாள் உங்கள் கணக்குக்கு 4 கி.மீ. கூடுதல்தான், ஆனால் அந்தப் பாதையின் அழகே அந்த மேட்டு வரப்புகளில்தான் இருக்கிறது, விடாதீர்கள். சோளிங்கர் மலை மாதிரி ஒரே ஏற்றம் கிடையாது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் காம்பாஸிக்கு நீளமான ஏற்றம். கால் ஓய்ந்த நேரத்தில் அது வரும், அதற்குத் தெம்பு மிச்சம் வையுங்கள்.

கேன்டர்பரி பேராயர் சிகெரிக் 990இல் ரோமிலிருந்து திரும்பும்போது தங்கிய ஊர்களை வரிசையாக எழுதி வைத்த பட்டியல்தான் இந்தப் பாதைக்கு ஆதாரம். கொயானோ, காம்பாஸியை ஒட்டிய கியான்னி, சான் ஜிமிஞானோ மூன்றும் அதில் உண்டு. கொயானோ, கியான்னி இரண்டிலும் பழைய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

முக்கியமான விஷயம்: சான் மினியாட்டோ தாண்டினால் காம்பாஸி வரை கடை இல்லை, டீ கூடக் கிடைக்காது. தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், மதியச் சாப்பாடு இரண்டும் தோளில் இருக்க வேண்டும். ரொட்டி, சீஸ், பழம் வெள்ளி மாலையே வாங்கிவிடுங்கள். காலை 8 மணிக்குள் கிளம்பினால் 3 மணி வாக்கில் சேரலாம். அந்த மாத நடுவில் 6.30 மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். வழிக்குறி, சிவப்பு வெள்ளைப் பட்டையும் யாத்ரீகர் உருவமும். பிரிவில் குறி தெரியாவிட்டால் முன்னே போகாமல், கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புங்கள்.

இன்னொன்று, அப்போது வேட்டைக் காலம். சட்டப்படி செவ்வாய், வெள்ளி மட்டும்தான் வேட்டைக்குத் தடை. சனி ஞாயிறு துப்பாக்கிச் சத்தம் கேட்கும். பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள் சட்டை போடுங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள்.

ஆம்பூர்_கடைசல்:
ஷூ பற்றி மட்டும் சொல்கிறேன் அண்ணே. அந்த மேடு முழுக்கக் களிமண். மழை பெய்து ஒரு நாள் ஆனாலும் சோலில் அப்பிக்கொள்ளும். பள்ளம் குறுகலான சோல் என்றால் பத்தே அடியில் அடைத்து வழவழப்பாகிவிடும், இறக்கத்தில் வழுக்குவது அதனால்தான். பள்ளம் ஆழமாகவும் இடைவெளி அகலமாகவும் இருக்கிற சோல் பாருங்கள். குச்சி கொண்டு அடிக்கடி சுரண்டிவிடுங்கள்.

அங்கே போய்ப் புது ஷூ வாங்கி நேராக நடக்காதீர்கள். பழகிய ஷூதான் போட வேண்டும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுக்கும். குதிகால் உள்ளே நழுவினால்தான் கொப்புளம், அதனால் மேல் இரண்டு கண்ணில் லேஸை இறுக்குங்கள், விரல் பக்கம் தளர்வாக விடுங்கள்.

நனைந்த ஷூவை இரவில் ஹீட்டர் மேல் வைக்கவே கூடாது. தோல் விறைத்துச் சுருங்கும், சூட்டில் பசை இளகி சோல் வாய் பிளக்கும். உள்தகட்டை வெளியே எடுத்துவிட்டு, பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஊறிவிடும், மாற்றிவிட்டுப் படுங்கள்.

வாணியம்பாடி_வழித்துணை:
காம்பாஸியில் கியான்னி தேவாலயத்தை ஒட்டியே யாத்ரீகர் விடுதி இருக்கிறது. முன்பதிவு இல்லையென்றால் வெள்ளி மாலையாவது போன் செய்து கேளுங்கள். யாத்ரீகர் அட்டை (இந்தப் பாதையில் நடப்பவர் என்று காட்டும் அட்டை) கேட்பார்கள். இத்தாலியில் எங்கே தங்கினாலும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும், ஒரிஜினல் கையில் இருக்கட்டும்.

சைவத்துக்கு சூப்பில்தான் ஏமாறுவோம். காய்கறி சூப் என்று இருந்தாலும் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கலாம். "சென்சா கார்னே, சென்சா ப்ரோதோ தி கார்னே" (இறைச்சி இல்லாமல், இறைச்சி வேகவைத்த தண்ணீரும் இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். டாலியத்தெல்லே மாதிரி ஃப்ரெஷ் பாஸ்தாவில் முட்டை இருக்கும், பிச்சி என்ற தடித்த பாஸ்தா பெரும்பாலும் மாவும் தண்ணீரும்தான். டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், ஊறுகாய் பாக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவு 7.30க்கு முன் கிடைக்காது.

ராணிப்பேட்டை_பாலாறு:
நன்றி பாய், எல்லோருக்கும்தான். சனிக்கிழமை மழை கொட்டினால்? திரும்பும் வண்டி எப்படி?

வாணியம்பாடி_வழித்துணை:
கொட்டினால் முதல் நாள் நடையை விடுங்கள். ரயிலில் எம்போலி வழியாக போஜ்ஜிபொன்சி, அங்கிருந்து பஸ்ஸில் சான் ஜிமிஞானோ போய்த் தங்கிவிடலாம். 14 கோபுரங்கள் நிற்கிற ஊர், 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மழையில் ஒரு நாள் சுற்றத் தகும்.

திரும்புவதும் அதே வழி. சான் ஜிமிஞானோவில் ரயில் நிலையம் இல்லை. பஸ்ஸில் அரை மணிக்குள் போஜ்ஜிபொன்சி, ரயிலில் எம்போலி, அங்கே பீசா பக்கம் போகும் ரயில் மாறி சாந்தா குரோச்சேக்குப் பக்கத்து ஸ்டேஷனான சான் மினியாட்டோ ஃபுச்செக்கியோவில் இறங்குங்கள். பஸ் அட்டவணையில் "ஃபெரியாலே" என்றால் சனியும் சேர்த்து வேலை நாள், "ஃபெஸ்திவோ" என்றால் ஞாயிறும் விடுமுறையும். ஞாயிறு பஸ் குறைவு, அந்தப் பத்தியை மட்டும் சனியன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் பேப்பர் டிக்கெட் என்றால் ஏறும் முன் மெஷினில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம்.