பேஸ் ஆம்ப்ளிஃபையரை வீட்டு ஸ்டீரியோவுடன் இணைப்பது குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பேஸ் கிட்டாருக்காக நான் பயன்படுத்தும் 100 வாட் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் சென்ற வாரம் கிழிந்துவிட்டது. மாற்று ஸ்பீக்கர் வரும்வரை, கூடத்திலுள்ள ஸ்டீரியோவின் வழியாகப் பயிற்சி செய்ய விரும்புகிறேன். ஆம்ப்ளிஃபையர் டிரான்சிஸ்டர் வகை; வால்வு அல்ல.

அதன் ஸ்பீக்கர் அவுட்டுக்கு மேல் ‘குறைந்தது 4 ஓம்’ என்று அச்சிட்டிருக்கிறது. ஸ்டீரியோ ஸ்பீக்கர்கள் தலா 8 ஓம் என்பதால் இரண்டையும் பக்க இணைப்பில் கோத்தால் சரியாக 4 ஓம் வருகிறது. ஆனால் கணக்கு ஒத்துவருகிறது என்பதற்காக ஸ்பீக்கர்கள் தாங்கிவிடும் என்று நான் நம்பவில்லை. திறந்த இ கம்பியின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஒலிப்பதிவில் கம்ப்ரஸ் செய்யப்பட்டு (உச்சங்கள் தணிக்கப்பட்டு) வரும் பேஸ் வேறு, கட்டைவிரலால் கம்பியை அறையும்போது நேரடியாகப் பாயும் உச்சம் வேறு.

ஆகவே நேற்று ஆம்ப்ளிஃபையரின் லைன் அவுட்டிலிருந்து (வேறு கருவிக்கு வலுக்குறைந்த சிக்னலைத் தரும் துளை) ஸ்டீரியோவின் ஆக்ஸ் இன்புட்டுக்கு (வெளிக் கருவியின் சிக்னலை ஏற்கும் துளை) ஒரு கேபிளை இணைத்து, ஒலியளவைக் குறைத்தே வைத்து வாசித்துப் பார்த்தேன். இடப்பக்கம் மட்டும்தான் ஒலித்தது. ஆறரை அங்குல வூஃபரின் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் துள்ளியபோதும், காதில் விழுந்த சத்தமோ கொஞ்சம்தான். கிட்டாரைத் தொடாதபோதும் அடியில் ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருந்தது.

(ஸ்பீக்கர் அவுட்டை ஆக்ஸ் இன்புட்டில் செருகக் கூடாது என்பதை அறிவேன்.)

ஒற்றை மோனோ சிக்னலை இரு பக்கமும் பிரிக்க ஒய் கேபிள் போதுமா? அந்த இரைச்சல் கிரவுண்ட் லூப்பாக (இரு கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் சேர்ந்து உண்டாக்கும் சுற்று) இருந்தால், நடுவில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி மின்தொடர்பின்றி சிக்னலை மட்டும் கடத்துவது) வைப்பது பலன் தருமா? வூஃபரைக் காப்பாற்ற ஹை-பாஸ் ஃபில்டரை (குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலியைத் தணிப்பது) எத்தனை ஹெர்ட்ஸில் வைக்கலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.